கீலைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவன்: சிறப்பு வகுப்பில் ஈடுபாடு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

காலை 9:40. ஏழு குழந்தைகளும் அரைவட்டமாக உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம். ஆறு பேர் இருக்கிறார்கள். ஏழாவது குழந்தை அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அதன் கதவை ஒரு சாண் அளவுக்குத் திறக்கிறான், மூடுகிறான், மறுபடி திறக்கிறான். அவன் கண் கதவின் கீலில் இருக்கிறது. அந்த உலோகத் தகடு மடிந்து விரிவதை, ஊசியில் நூல் கோப்பவர் பார்ப்பதைப் போல அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறான்.

அன்றைக்கு என் குறிப்பேட்டில் நான் எழுதியது: "கவனம் இல்லை. குழு நேரத்தில் பங்கேற்கவில்லை." அந்த இரண்டு வாக்கியங்களும் எவ்வளவு தவறு என்று புரிய எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அதற்குப் பிறகு வந்த நான்கு மாதமும்தான் இந்த ஆய்வு. குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெற்றோர் படித்துச் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

குழந்தையும் வகுப்பும்

வயது 7. ஆட்டிசம் என்று நான்கு வயதில் கண்டறியப்பட்டது. தானாகச் சொல்லும் சொற்கள் பத்துக்கு மேல் இருக்காது. கேட்ட சொல்லை அப்படியே திருப்பிச் சொல்வது உண்டு, ஆனால் பெரும்பாலும் வகுப்பு முடிந்த பிறகு, தனியாக இருக்கும்போது. சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது போன்ற தன் வேலைகளைச் செய்துகொள்வான். வண்ணம் பிரிப்பான். பொருத்தும் புதிர்களை என்னைவிட வேகமாக முடிப்பான். எண்ணிக்கை வரவில்லை. குழுவில் உட்கார்வதில்லை. உட்கார வைத்தால் எழுந்து போவான். திரும்பக் கூட்டி வந்தால் தரையில் விழுந்து தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். இடது மணிக்கட்டில் தோல் தடித்துப் போயிருந்தது.

வகுப்பில் மொத்தம் ஏழு பேர், எல்லோரும் 6 முதல் 8 வயது. இவனையும் சேர்த்து மூன்று பேருக்கு ஆட்டிசம், இரண்டு சிறுமிகளுக்கு டவுன் சிண்ட்ரோம், ஒருவனுக்கு மூளை முடக்குவாதம், ஒருவனுக்கு ஏ.டி.எச்.டி, அதாவது கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும். பெரியவர்கள் இரண்டு பேர்: நானும் ஓர் உதவியாளரும். வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சியாளரும், அன்றாடச் செயல்களுக்கு உடலைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் வருவார்கள்.

அவனுடைய தனிநபர் கல்வித் திட்டத்தில், அதாவது ஐ.இ.பி.யில், அந்தப் பருவத்துக்கு மூன்று இலக்குகள் எழுதியிருந்தோம். குழு நேரத்தில் 15 நிமிடம் உட்கார்தல். பெயர் சொல்லி அழைத்தால் 5 வினாடி கண்ணைப் பார்த்தல். 1 முதல் 5 வரை எண்ணுதல். இப்போது அதைப் படிக்கும்போது முதல் இரண்டும் அவனுக்காக எழுதப்பட்டவை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வகுப்பு பார்க்க ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதியவை அவை.

முதல் முயற்சி

முதலில் செய்தது, பயிற்சிக் காலத்தில் எல்லோரும் கற்றுக்கொள்வதுதான். டேவிட் பிரிமாக் 1959இல் விளக்கிய கொள்கை அது: ஒருவர் விரும்பிச் செய்யும் செயலை, அவ்வளவாக விரும்பாத செயலுக்குப் பின்னால் வைத்தால், விரும்பாததையும் செய்வார். வகுப்பறையில் அது 'முதலில் இது, அப்புறம் அது' பலகையாக வந்து நிற்கும். எங்கள் பலகையில் முதலில் நாற்காலி, அப்புறம் சோப்புக் குமிழி. அவனுக்குக் குமிழி பிடிக்கும். இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் குமிழி, பிறகு மூன்று நிமிடத்துக்கு, பிறகு ஐந்துக்கு.

வேலை செய்தது. பத்து நாளில் அவன் நாற்காலியில் இருந்தான். உதவியாளர் சந்தோஷப்பட்டார், நானும்தான்.

நல்லவேளையாக அதே வாரம் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு யோசனை சொன்னார். குழு நேரத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை தலைநிமிர்ந்து பார்த்து இரண்டு கட்டங்களில் குறிக்கச் சொன்னார். ஒன்று 'இருந்தான்', மற்றொன்று 'ஈடுபட்டான்'. ஈடுபாடு என்றால் என்ன என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டோம். பாடப் பொருளைத் தொடுவது, பார்ப்பது, அதை நோக்கிச் சாய்வது, ஒலி எழுப்புவது, அடுத்த குழந்தையின் முறையைக் கவனிப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் குறி. கண்ணைப் பார்ப்பதைச் சேர்க்கவில்லை.

20 நிமிடத்தில் 'இருந்தான்' 14. 'ஈடுபட்டான்' 2. அந்த இரண்டும்கூட என் கை குமிழி டப்பா இருந்த பக்கம் போனபோது அவன் சாய்ந்தது. மீதி நேரமெல்லாம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு, நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தான். கடிப்பதும் குறையவில்லை. குழு நேரத்தில் குறைந்தது உண்மைதான், ஆனால் அது முடிந்து அடுத்த வேலைக்கு நகரும் இடத்துக்குப் போய் அங்கே கூடியிருந்தது. அடக்கி வைத்தது எங்காவது வெளியே வரத்தானே வேண்டும்.

இதே காலத்தில் இன்னொரு தவறும் செய்தோம். ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கற்பிக்க எரிக் ஷாப்ளர் அமெரிக்காவின் வட கரோலினாவில் வளர்த்தெடுத்த டீச் (TEACCH) முறை, 1972இல் அந்த மாநிலம் முழுவதற்குமான திட்டமாக ஆனது. அன்றைய நாளின் வரிசையைக் குழந்தையின் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. நாங்களும் கோட்டுப் படங்கள் வரைந்து, லேமினேட் செய்து, சுவரில் வரிசையாக ஒட்டினோம். அழகாக இருந்தது. அவன் ஒருநாளும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டுப் படம் ஒரு பொருளைக் குறிக்கிறது என்பதே அவனுக்கு இன்னும் வரவில்லை என்று பிறகுதான் சோதித்துப் பார்த்தோம். டீச் முறையிலேயே இதற்கு விடை இருக்கிறது: படம் புரியாத குழந்தைக்குப் பொருளையே கொடுக்க வேண்டும். குழு நேரத்துக்கு ஒரு சிறு மேளம், விளையாட்டுக்குப் பந்து, கை கழுவ ஒரு துண்டு. பொருளைக் கையில் கொடுத்த முதல் நாளே மேளத்தைத் தூக்கிக்கொண்டு அரைவட்டத்துக்கு வந்தான். உட்காரவில்லை. ஆனால் வந்தான், யாரும் கையைப் பிடித்து இழுக்காமல்.

குறிப்பேடு சொன்னது

அடுத்த இரண்டு வாரம் நாங்கள் புதிதாக எதையும் செய்யவில்லை. கடிக்கும் ஒவ்வொரு முறையும் மூன்று விஷயங்களை மட்டும் எழுதினோம்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே பின்னால் என்ன நடந்தது. இந்த முன்-பின் குறிப்பு பழைய முறை, அலுப்பூட்டும் வேலை. ஏழு குழந்தைகளுக்கு நடுவில் பேனாவைத் தேடி எடுத்து எழுதுவது சிரமம். உதவியாளர் கழுத்தில் ஒரு சின்ன நோட்டைத் தொங்கவிட்டுக்கொண்டார், அதனால்தான் நடந்தது.

ஒரு குழந்தை இப்படி நடந்துகொள்வதால் அவனுக்குக் கிடைப்பது பொதுவாக நான்கில் ஒன்றாக இருக்கும். யாராவது கவனிக்கிறார்கள், பிடிக்காதது நிற்கிறது, விரும்பியது கையில் வருகிறது, அல்லது அந்தச் செயலின் உடல் உணர்வே அவனுக்கு வேண்டியதாக இருக்கிறது. அலமாரி கிடைக்காததால் கடிக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குறிப்பேடு வேறு சொன்னது. அலமாரியிலிருந்து கூட்டி வரும்போது சிணுங்கினான், அவ்வளவுதான். கடித்த முறைகளில் பெரும்பாலானவை இரண்டு இடங்களில் குவிந்திருந்தன. ஒன்று, பாட்டு முடிந்து நான் அவன் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்கும் நேரம். மற்றொன்று, நானும் உதவியாளரும் ஒரே சமயத்தில் ஆளுக்கொன்றாகச் சொல்லும் நேரம். 'பந்தை எடு கண்ணா' என்று நான் சொல்ல, 'நேரா உட்காரு' என்று அவர் சொல்வார். கடித்ததும் என்ன நடந்தது? இருவரும் வாயை மூடிக்கொண்டோம். கேள்வி அடுத்த குழந்தைக்குப் போனது.

அவன் நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தான். அதைச் சொல்ல அவனிடம் இருந்த ஒரே வழி மணிக்கட்டு.

வீடியோவில் நான்

பெற்றோர் அனுமதியுடன் மூன்று நாள் குழு நேரத்தைப் பதிவு செய்தோம். அவனைப் பார்ப்பதற்காக எடுத்த வீடியோ. ஆனால் அதில் என்னைத்தான் பார்த்தேன்.

'பந்து எங்கே?' என்று கேட்கிறேன். ஒரு வினாடிகூட ஆகவில்லை, 'பந்தைக் காட்டு' என்கிறேன். உடனே, 'சிவப்புப் பந்து எது, பார்க்கலாம்' என்கிறேன். உடனே அவன் கையைப் பிடித்துப் பந்தின் மேல் வைக்கிறேன். கேள்வி தொடங்கி இதுவரை ஆன நேரம் 5 வினாடி. ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஒரே கேள்விதான். சொல்லைச் சொல்லாகக் கேட்டு அர்த்தம் சேர்க்க நேரம் எடுக்கும் குழந்தைக்கு அவை மூன்று தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் தயாராகும்போது இரண்டாவது வந்து அதை அழித்துவிடுகிறது.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் சாதாரண வகுப்பறைகளில் இதை அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள். அதை மூன்று வினாடிக்கு நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, பதில் சொல்லும் குழந்தைகளும் கூடுகிறார்கள். சாதாரண வகுப்புக்கே மூன்று வினாடி வேண்டும் என்றால் இவனுக்கு எவ்வளவு? நாங்கள் பத்து என்று வைத்துக்கொண்டோம். கேள்வி ஒரே ஒருமுறை, குறைந்த சொற்களில். அப்புறம் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும், வாயைத் திறக்காமல், கையை நீட்டாமல், முகத்தில் அவசரம் காட்டாமல். ஒருவர் கேட்டால் மற்றவர் பேசக் கூடாது.

பத்து வினாடி மௌனம் எவ்வளவு நீளம் என்பது வகுப்பில் நின்று பார்த்தால்தான் தெரியும். மற்ற குழந்தைகள் என்ன செய்வார்களோ என்ற பயம் வரும். கை தானாக நீளும். இரண்டாம் நாள், ஏழு எண்ணியபோது, அவன் தலையைத் திருப்பாமலேயே கையை மட்டும் நீட்டிப் பந்தைத் தொட்டான். இவ்வளவு நாளாக நான் அவனிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவனுக்குப் பதில் தெரிந்தே இருந்திருக்கிறது. இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது.

வீடியோவை ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் காட்டியபோது அவர் கேள்வி பதிலையெல்லாம் விட்டுவிட்டு அவன் காலைச் சுட்டிக்காட்டினார். நாற்காலி உயரம். பாதம் தரையில் படவில்லை. கால் ஊன்றாத குழந்தை தன் உடம்பைத் தாங்குவதிலேயே நிறைய ஆற்றலைச் செலவழிக்கும். ஒரு கனமான பலகையைக் காலடியில் வைத்தோம். விரும்பினால் தரையில் மெத்தைமேல் உட்காரலாம், நிற்கவும் செய்யலாம் என்று விட்டோம். இடத்தையும் மாற்றினோம்: முதுகுக்குப் பின்னால் சுவர், அலமாரி கண்ணில் படும்படி பக்கவாட்டில். முன்பு அலமாரியை அவனுக்குத் தெரியாமல் மறைக்கத் திரை போட்டிருந்தோம். பிடித்த பொருள் எங்கே போனது என்று தெரியாத பதற்றத்தில் பாடம் எப்படி ஏறும்?

போதும் அட்டை

எட்வர்ட் காரும் மார்க் டூரண்டும் 1985இல் நான்கு குழந்தைகளுடன் செய்த ஓர் ஆய்வு, சிறப்புக் கல்வியில் வேலை செய்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. வேலை கடினமாக இருந்ததால் தொல்லை செய்த குழந்தைக்கு 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். ஆள் கவனிக்கவில்லை என்று தொல்லை செய்த குழந்தைக்கு 'நான் நன்றாகச் செய்கிறேனா?' என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். தொல்லை குறைந்தது. ஆனால் சொல்லை மாற்றிக் கொடுத்தபோது, அதாவது காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தைக் கொடுத்தபோது, குறையவில்லை. ஏதோ ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தால் போதாது. அந்தக் குழந்தை எதைச் சொல்ல முயல்கிறதோ அதே சொல்லாக இருக்க வேண்டும்.

எங்கள் சிறுவனுக்கு வேண்டிய சொல் 'போதும்'. பேச்சில் உடனே வராது, படம் புரிவதும் நிச்சயமில்லை. எனவே உள்ளங்கை அளவு மஞ்சள் அட்டை, ஒரு பக்கம் சொரசொரப்பான துணி ஒட்டியது, தொட்டாலே தெரியும். கொடுக்கக் கற்றுக்கொடுக்க ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் 1985இல் உருவாக்கிய பெக்ஸ் (PECS) முறையின், அதாவது பட அட்டையைக் கொடுத்துத் தன் தேவையைச் சொல்லும் முறையின், முதல் படியைப் பின்பற்றினோம். முன்னால் ஒருவர் கையை விரித்துக்கொண்டு இருப்பார். பின்னால் ஒருவர், ஒரு வார்த்தையும் பேசாமல், குழந்தையின் கையை வழிநடத்தி அட்டையை அந்தக் கையில் வைக்க உதவுவார். அட்டை கைக்கு வந்த நொடியே முன்னால் இருப்பவர் 'போதும்' என்று சொல்லிவிட்டுச் செய்வதை நிறுத்துவார். அவன் எழுந்து அலமாரிக்குப் போகலாம், ஒரு நிமிடம்.

உதவியாளருக்கு இதில் உடன்பாடு இல்லை. "டீச்சர், இதைக் குடுத்தா அவன் நாள் முழுக்க அட்டையை நீட்டிக்கிட்டேதான் இருப்பான்" என்றார். நியாயமான பயம். முதல் நாள் 14 முறை நீட்டினான். இரண்டாம் நாள் 17. ஒவ்வொரு முறையும் நிறுத்தினோம். குழு நேரம் என்று ஒன்று இல்லாமலே போனது. மூன்றாம் நாள் மாலை நானே ஆட்டம் கண்டேன்.

ஆனால் அந்த மூன்று நாளில் மணிக்கட்டை அவன் கடித்தது ஒரே முறை. ஐந்தாம் நாள் வாக்கில் வேறொன்று நடந்தது. அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான், கொடுக்கவில்லை. விரலால் அந்தத் துணியைத் தேய்த்துக்கொண்டே பாட்டு முழுவதும் இருந்தான். வெளியேறும் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தவன் அவசரமாக ஓட வேண்டியதில்லை. இரண்டாம் வார இறுதியில் ஒரு குழு நேரத்துக்கு 4, 5 முறை என்று குறைந்தது. அப்போதுதான் 'இன்னும் ஒன்று, அப்புறம் போதும்' என்பதை மெல்லச் சேர்த்தோம். அதற்கு முன்னால் சேர்த்திருந்தால் அட்டைமீது அவனுக்கு நம்பிக்கையே வந்திருக்காது.

கதவுகள்

இதுவரை செய்தது அவனுக்கு வகுப்பைப் பொறுத்துக்கொள்ள உதவியது. வகுப்பை அவன் விரும்பும்படி எதுவும் செய்யவில்லை. அதற்கு வழி காட்டியவர் அவன் அம்மா.

எங்கள் சேர்க்கைப் படிவத்தில் நான்கு பக்கம் கேள்விகள். எதைச் செய்ய முடியாது, எப்போது வலிப்பு வந்தது, என்ன மருந்து. குழந்தைக்கு எது பிடிக்கும் என்ற கேள்வி இல்லை. நான் அதை அவன் அம்மாவிடம் நேரில் கேட்டேன். "கதவு டீச்சர். வீட்லயும் கதவுதான். மூடிட்டு நிப்பான், யாராவது திறந்துட்டு வருவாங்களான்னு பார்ப்பான். வந்தா அப்படி ஒரு சிரிப்பு" என்றார். நான் கீலை மட்டுமே பார்த்திருக்கிறேன். அவனுக்குக் கதவின் அந்தப்பக்கமும் இருந்திருக்கிறது.

டைனா மரேயும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் எழுதியது நினைவுக்கு வந்தது. ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் பல திசைகளில் பரவாமல் ஒரு வாய்க்காலில் ஆழமாக ஓடுகிறது என்பது அவர்கள் கருத்து. அந்த ஓட்டத்தைத் தடுத்து வேறு பக்கம் திருப்புவது பெரும் சிரமம், குழந்தைக்கும் வலி. அப்படியென்றால் பாடத்தைத்தான் அந்த வாய்க்காலுக்குள் கொண்டுபோக வேண்டும். ஓர் எளிய வழி இருந்தது: உட்கார்ந்தால் கதவு என்று, குமிழிக்குப் பதிலாகக் கதவைக் கூலியாக்குவது. நான் அதைச் செய்யவில்லை. ஒரு குழந்தை இவ்வளவு நேசிப்பதை நாம் கைப்பற்றிக்கொண்டு கூலியாகக் கிள்ளிக் கிள்ளிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படிச் செய்தால் அவன் மனம் மறுபடியும் கூலியில் இருக்கும், பாடத்தில் இருக்காது.

ஒரு கெட்டி அட்டையில் ஐந்து சின்னக் கதவுகள் வெட்டினோம். ஒவ்வொன்றுக்கும் உண்மையான கீல், பெட்டிகளுக்குப் போடுவது. உள்ளே மணிகள்: முதல் கதவுக்குள் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, அப்படி ஐந்து வரை. வெளியே எண்கள். மேசைமேல் வைத்துவிட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று அவன் 11 நிமிடம் அந்த அட்டையை விட்டு நகரவில்லை. முதல் நான்கு நிமிடம் கீல் மட்டும். பிறகு மணி. மூன்றாம் நாள், மூன்றாம் கதவுக்குள் வேண்டுமென்றே இரண்டு மணிகளை மட்டும் வைத்தேன். திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். 5 வினாடி கண்ணைப் பார்க்க வேண்டும் என்று பருவம் முழுக்க அவனைத் துரத்தியிருந்தேன். கேட்காமலே வந்தது, ஏனென்றால் கேட்க அவனிடம் ஒரு விஷயம் இருந்தது. நான் ஒரு மணியை நீட்டினேன். உள்ளே போட்டான். கதவை மூடினான்.

அடுத்த வாரம் இன்னொன்று. கதவட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்து, நான்காவது கதவைத் திறந்து காட்டிவிட்டு, எதுவும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டான். உதவியாளர் "என்ன வேணுமாம்?" என்று கேட்டார். எதுவும் வேண்டாம். காட்டினான், அவ்வளவுதான்.

1800இல் பிரான்ஸின் அவேரோன் பகுதிக் காடுகளிலிருந்து வெளியே வந்த விக்டர் என்ற சிறுவனுக்குக் கற்பித்த மருத்துவர் ழான் இத்தார் 1801இல் எழுதிய அறிக்கையில் இப்படி ஓர் இடம் வருகிறது. பாலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னால் பால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுக்க முயல்கிறார். விக்டரோ பால் கோப்பையில் ஊற்றிய பிறகு, மகிழ்ச்சியில்தான் அந்தச் சொல்லைச் சொல்கிறான். கேட்பதற்குப் பயன்படாத சொல் என்று இத்தார் ஏமாற்றமடைகிறார். ஆனால் பின்னால் ஒருநாள், யாரும் சொல்லாமலேயே அந்தச் சொல்லின் நான்கு எழுத்துகளையும் பையில் போட்டுக்கொண்டு, தான் வழக்கமாகப் பால் குடிக்கும் வீட்டுக்குப் போய், மேசைமேல் வரிசையாக அடுக்கி வைக்கிறான் விக்டர். இத்தாரின் ஏமாற்றத்தை எத்தனையோ முறை நானும் பட்டிருக்கிறேன். கேட்கும் சொல்லை மட்டுமே மொழியாக மதித்து, மகிழ்ச்சியைக் காட்ட வரும் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டிருக்கிறேன். இப்போது அதற்கு ஒரு தனிக் கட்டம் போட்டிருக்கிறோம்: 'காட்ட வந்தான்'.

குழுவுக்குள் கதவு

தனியாக நடந்ததைக் குழுவுக்குள் கொண்டுவர வருகைப் பதிவைக் கதவாக மாற்றினோம். சுவரில் பெரிய பலகை, ஏழு கதவுகள், ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒரு குழந்தையின் புகைப்படம். தினமும் படங்களின் இடம் மாறும். 'யார் வந்திருக்கா?' என்று பாடி, தட்டி, திறப்போம்.

இவனுக்காகச் செய்தது மற்றவர்களுக்கும் உதவியது. ஆனால் தானாக உதவவில்லை, ஒவ்வொருவருக்கும் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. மூளை முடக்குவாதம் உள்ள சிறுவனால் கதவின் விளிம்பை விரலால் பிடிக்க முடியாது. அவன் எட்டும் உயரத்தில் இருந்த கதவுக்கு ஒரு பெரிய மரக் குமிழ் ஒட்டினோம், முழு உள்ளங்கையால் இழுக்கலாம். ஏ.டி.எச்.டி உள்ளவன் திறந்த படத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அறையின் மறுகோடியில் இருக்கும் கூடையில் போட்டுவிட்டு வருவான். ஓடுவது அவனுடைய வேலை, ஆகவே யாரும் அதட்ட வேண்டியதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறுமிகளில் ஒருத்திக்குக் காதில் நீர் கோத்து அடிக்கடி கேட்கும் திறன் குறையும். காதால் கேட்டதை நினைவில் வைப்பதைவிடக் கண்ணால் பார்த்ததை அவள் நன்றாகப் பிடித்துக்கொள்வாள். பாட்டோடு சைகையும் சேர்த்ததும் முதலில் கற்றுக்கொண்டவள் அவள்தான். பிறகு எங்களுக்கே முன்னால் நின்று செய்து காட்டினாள்.

நம் சிறுவன் அவள் தட்டுவதற்காகக் காத்திருக்கத் தொடங்கினான். அவள் மெதுவாகத் தட்டுவாள். மூன்று தட்டு, ஒரு சிரிப்பு, அப்புறம் இவன் திறப்பான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இருவருக்குள் உருவான முறை அது. ஆறாவது வாரம், கதவு திறந்ததும் அவள் படம் வந்தபோது, அவள் பெயரைச் சொன்னான். தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி. அவள் கை தட்டினாள். நானும் உதவியாளரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அழுதிருப்போம்.

பின்னடைவு

விடுமுறை இரண்டு வாரம். திரும்பி வந்த நாளில் உதவியாளர் விடுப்பில் இருந்தார், அவருக்குப் பதிலாக வேறொருவர். குழந்தைகளிடம் அன்பானவர்தான். ஆனால் மஞ்சள் அட்டை என்னவென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்த யாரும் நான்தான். சிறுவன் அட்டையை நீட்டியிருக்கிறான், 'அப்புறம் விளையாடலாம்' என்று வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார். மறுபடி எடுத்து நீட்டினான். மறுபடி வைத்தார். மூன்றாவது முறை மணிக்கட்டு. பற்குறி இரண்டு நாள் இருந்தது.

அட்டையை மறுபடி நம்ப அவனுக்கு ஒன்பது நாள் ஆனது. அதற்குப் பிறகு அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்: மஞ்சள் அட்டை வந்தால் உடனே நிறுத்துங்கள், ஒருமுறை கேளுங்கள், பத்து எண்ணுங்கள். வகுப்புக்குள் யார் வந்தாலும், ஒரு மணி நேரத்துக்கு வந்தாலும், அதைப் படிக்காமல் குழந்தைகளிடம் போகக் கூடாது. வீட்டுக்கும் ஓர் அட்டை கொடுத்தோம். தாத்தா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, பேசவிடாமல் செய்துவிடும் என்று பயந்தார். நான்காவது வாரம் சிறுவன் அட்டையை நீட்டியபடியே 'போதும்' என்று வாயாலும் சொன்னதை அவர்தான் முதலில் கேட்டார்.

சரிவராமல் போனவையும் உண்டு. மணியடிக்கும் டைமர் அவனைத் திடுக்கிட வைத்தது, மணல் கடிகாரத்துக்கு மாறினோம். பென்சில் இன்னும் பிடிக்கவில்லை, எண்களை மணலில் விரலால் எழுதுகிறான். குழு நேரத்தை நாங்கள் 20 நிமிடத்திலிருந்து 14 ஆகக் குறைத்துக்கொண்டோம். எங்கள் வகுப்பில் எந்தக் குழந்தைக்கும் 20 நிமிடம் அதிகம்தான், இவனை வைத்துத்தான் அது எங்களுக்கு உறைத்தது.

இப்போது

22ஆம் வாரக் குறிப்பேடு: 14 நிமிடத்தில் 'இருந்தான்' 10, 'ஈடுபட்டான்' 11. இருந்ததைவிட ஈடுபட்டது கூடுதல். கணக்குப் பிழை இல்லை. அலமாரிப் பக்கம் நின்றபடியே பாட்டின் சரியான இடத்தில் கதவைத் தட்டிய ஒரு நிமிடம் அது. பழைய இலக்கின்படி அந்த நிமிடம் தோல்வி.

கடிப்பது முற்றிலும் நிற்கவில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு, பெரும்பாலும் உடம்பு சரியில்லாத நாளில். தடித்த தோல் மெல்ல இயல்பாகி வருகிறது. ஐந்து வரை எண்ணுகிறான், கதவில்லாத பொருள்களிலும். இவ்வளவும் அட்டையால் வந்ததா, காத்திருந்ததால் வந்ததா, காலடிப் பலகையாலா என்று பிரித்துக் காட்ட முடியாது, எல்லாவற்றையும் அடுத்தடுத்த வாரங்களில் சேர்த்திருக்கிறோம். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் அட்டையை வைத்துக்கொள்வேன். வேண்டாம் என்று சொன்னால் கேட்பார்கள் என்று தெரிந்த பிறகுதான் அவன் எங்களிடம் எதையும் கொண்டுவந்து காட்டினான்.

புதிய ஐ.இ.பி.யில் உட்கார்தலும் கண் பார்த்தலும் இல்லை. அவற்றின் இடத்தில் எழுதியிருப்பது: 'தானாகச் செய்ய முடியாதபோது உதவி கேட்டல்.' அதற்காகக் கதவட்டையில் ஆறாவதாக ஒரு கதவு செய்திருக்கிறோம், சின்னத் தாழ்ப்பாள் போட்டது, அவன் விரலால் திறக்க வராது. முதல் நாள் இழுத்துப் பார்த்துவிட்டு மஞ்சள் அட்டையைக் கொடுத்தான். இரண்டாம் நாளும் அதேதான். சென்ற வியாழன் அன்று என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அந்தத் தாழ்ப்பாளின் மேல் வைத்தான். நீல நிறத்தில் 'உதவி' அட்டை தயாராக இருக்கிறது. திங்கட்கிழமை தொடங்குகிறோம்.